அத்தையோடு பார்த்த பாதிப் படங்கள்

பத்து வயது முடிவதற்குள் நான் ஏழெட்டு இந்துஸ்தானிப் படங்கள் பார்த்திருந்தேன். எல்லாம் பாதிப் பாதி. எந்தக் கதாநாயகியும் கடைசியில் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. அரண்மனையிலிருந்து துரத்தப்பட்ட ராணிகள் என்னைப் பொறுத்தவரை இன்றும் காட்டில்தான் நிற்கிறார்கள். பொய்வழக்கில் மாட்டிய வியாபாரிகள் இன்றும் சிறையில்தான் இருக்கிறார்கள். இத்தனைக்கும் காரணம் என் அத்தை.

அத்தை என் அப்பாவின் தங்கை. மறையூரில் காடு திருத்திக் கரும்பு போட்டிருந்த ஒரு குடும்பத்தில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். உடுமலைப்பேட்டை போய், அங்கிருந்து மலையேற வேண்டும். அங்கே சில வருஷம் இருந்துவிட்டு, ஒரு நாள் டிரங்குப் பெட்டியோடு கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்துக்கு வந்து இறங்கினாள். பிறகு திரும்பிப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று யார் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"அங்க டாக்கீஸ் இல்லீங்க."

கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். அப்பா மட்டும் சிரிக்க மாட்டார். "டாக்கீஸ் இல்லாத ஊர்ல மனுசன் குடியிருக்கலியா?" என்று கத்துவார். அத்தை முறத்தை எடுத்துக்கொண்டு கம்பு புடைக்கப் போய்விடுவாள்.

பேசும் படம் என்பதே அப்போது புதுசு. கொழிஞ்சாம்பாறைச் சந்தைத் திடலில் அறுவடை முடிந்ததும் ஒரு டூரிங் கொட்டகை வந்து இறங்கும். மழை தொடங்கும்வரை இருக்கும். தமிழ்ப் படம் அபூர்வமாகத்தான் கிடைக்கும். ஆகவே கொட்டகைக்காரர் எங்கெங்கோ ஓடித் தேய்ந்துபோன இந்துஸ்தானிப் படங்களைக் கொண்டுவந்து ஓட்டுவார். அந்தப் பாஷையில் ஒரு வார்த்தைகூட எங்களில் எவருக்கும் தெரியாது. அதற்காக அவர் ஓர் ஆளை வைத்திருந்தார். மெஷின் ஒன்றுதான் என்பதால் ஒவ்வொரு சுருள் முடிந்ததும் படத்தை நிறுத்தி, அடுத்ததை மாட்டுவார்கள். அந்த இடைவெளியில் அந்தக் கதை சொல்கிறவர் கையில் பிரம்போடு திரைக்கு முன்னால் வந்து நின்று, இனி நடக்கப்போவதைத் தமிழும் மலையாளமுமாகச் சொல்லுவார். அநேகமாகத் திருப்பம் எதையும் மிச்சம் வைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுவார். ஜனங்களும் அதைத்தான் விரும்பினார்கள்.

அத்தைக்குப் படம் பிடிக்காது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எங்கள் பக்கத்தில் அவளைப்போல் ஒரு படப்பைத்தியம் கிடையாது. நோட்டீஸ் வண்டியின் கொட்டுச் சத்தம் கேட்டால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வேலி ஓரம் ஓடுவாள். கல்யாணமான புதிதில் மாமா அவளைக் கோயமுத்தூருக்கு அழைத்துப்போய் ஓர் இந்துஸ்தானிப் படம் காட்டியிருந்தார். அதுதான் அவள் பார்த்த முதல் பேசும் படம். அதில் வந்த ஒரு பாட்டை எந்நேரமும் முனகிக்கொண்டிருப்பாள். வார்த்தைகள் எல்லாம் அவளாகப் போட்டுக்கொண்டவை. அந்தப் பாஷைக்காரர் யாராவது கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாரோ தெரியாது; எங்கள் எருமைகள் அதைக் கேட்டுத்தான் பால் கொடுத்தன.

ஆனால் அந்த ஒரு படத்தோடு அவளுக்கு இந்துஸ்தானிப் படங்களின் பொற்காலம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் குப்பை. அந்தக் குப்பை ஒன்றையும் விடாமல் பார்க்கவேண்டும் என்பதும் அவள் கொள்கை. கொட்டகைக்கு என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போவாள். பெண்கள் பக்கத்தில் மணலைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் என்னை உட்காரவைப்பாள். படம் ஆரம்பித்ததும் அவள் வாயும் ஆரம்பிக்கும்.

"நடுக்காட்டுக்குள்ள தபேலாக்காரன் எங்கிருந்து வந்தான்?" என்பாள். "இத்தன மழை கொட்டுது, அவ பொடவை நனையலையே, பாத்தியா?" என்பாள். கதாநாயகன் பாடினால், "இவனுக்குச் சளி புடிச்சிருக்குது. மொளகு கஷாயம் குடுக்காம எதுக்குப் பாடவிட்டாங்க?" என்பாள். அந்தக் காலத்துப் படங்களில் பாட்டுக்கு ஒரு கணக்கே கிடையாது. ராஜா பாடுவார், மந்திரி பாடுவார், தலையை வெட்ட வந்தவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒரு பாட்டுப் பாடுவான். வெட்டுப்படப் போகிறவன் அதற்கு எதிர்ப்பாட்டுப் பாடுவான். அந்த இடம் வந்தால் அத்தைக்குப் பொறுமை போய்விடும்.

"எந்திரி கண்ணு. இதெல்லாம் மனுசன் பாக்கற படமா?"

அவ்வளவுதான். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, உட்கார்ந்திருப்பவர்களின் கால்களை மிதித்துக்கொண்டு வெளியே வந்துவிடுவாள். நான் அழுவேன், மண்ணில் காலைத் தேய்ப்பேன். பலிக்காது. வெளியே வந்ததும் மனம் கேட்காமல் பாட்டுப் புஸ்தகம் ஒன்று வாங்கிக்கொள்வாள். அதில் பாட்டெல்லாம் தமிழ் எழுத்தில் அச்சடித்திருக்கும். முன்பக்கத்தில் கதைச் சுருக்கம் இருக்கும். நான் வீட்டுக்கு வந்து ஆசையோடு விளக்கடியில் வைத்து எழுத்துக் கூட்டிப் படிப்பேன். கதாநாயகியைக் கொள்ளைக்காரன் தூக்கிக்கொண்டு போகிற இடத்தில் சுருக்கம் நின்றுவிடும். மீதியை வெண்திரையில் காண்க என்று போட்டிருக்கும். அந்தப் புஸ்தகத்தைக் கிழித்துப் போடலாம் என்று இருக்கும்.

அம்மாவுக்கு இதெல்லாம் சகிக்காது. "என்ன பாட்டோ, கழுதை கனைக்கற மாதிரி" என்பாள்.

அண்ணியை எங்கள் பக்கத்தில் நங்கையா என்பார்கள்; அத்தை அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவாள். "கழுதைக்குச் சுருதி நிக்குமுங்க நங்கையா. இந்தப் புதுப்படத்துக்காரனுகளுக்கு அதுவும் நிக்கறதில்லை" என்பாள்.

"அப்பறம் எதுக்குப் போறே?"

"அடுத்ததாச்சும் நல்லா இருக்குமுன்னுதான்."

அத்தைக்கு மலையில் ஒரு பெண் குழந்தை பிறந்ததும், நாலு மாதத்தில் அது மலைக்காய்ச்சலில் போய்விட்டதும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அத்தை பெட்டியோடு வந்து இறங்கியது அதற்குப் பிறகுதான். ஆனால் கைக்குழந்தைகள் போவது அப்போது எல்லா வீட்டிலும் நடக்கிற காரியமாக இருந்தது. அம்மாவுக்கே எனக்கு முன்னால் ஒன்று போயிருந்தது. அதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். அத்தையும் பேசியதில்லை. ஆகவே டாக்கீஸ் இல்லாததுதான் காரணம் என்று அப்பா நம்பினார். அம்மா நம்பினாள். ஊரே நம்பியது. எனக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை. டாக்கீஸ் இல்லாத ஊரில் இருக்கமுடியாது என்பது எனக்கு மிகவும் நியாயமான காரணமாகத்தான் பட்டது.

ஒரு மாசி மாதம் சோளத்தட்டு அறுத்துப் போர் போட்டு முடிந்த சமயம் மாமா வந்தார். அவர் அவ்வப்போது வருவார். ஒரு சாக்கில் வெல்ல உருண்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இறக்குவார்; இரண்டு நாள் இருப்பார்; அத்தையிடம் ஏதோ கேட்பார், அவள் தலையை ஆட்டுவாள்; போய்விடுவார். உயரமான மனிதர். பேச்சு அவரிடமிருந்து கிணற்றுத் தண்ணீர் மாதிரி இழுத்தால்தான் வரும். அந்தத் தடவை அவராகவே பேசினார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு அப்பாவின் எதிரில் உட்கார்ந்தார்.

"மச்சான், எங்க ஊட்ல இனிப் பொறுக்கமாட்டாங்களாட்டம் இருக்குதுங்க. சித்திரைக்குள்ள ஒரு முடிவு சொல்லச் சொல்றாங்க. ஒட்டஞ்சத்திரத்துல பொண்ணு பாத்து வெச்சிருக்காங்க."

அப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்தினார். "உங்களுக்குச் சம்மதமா மாப்பிள்ளை?"

"சம்மதமா இருந்தா நான் ஏனுங்க இத்தன தூரம் மலை எறங்கி வர்றேன்?"

அப்பா எழுந்தார். சமையல்கட்டு வாசலில் நின்று கத்தத் தொடங்கினார். "கேட்டுட்டியா அம்மணி? நாலு பாட்டுக்காகப் பொழப்பக் கெடுத்துட்டு உக்காந்திருக்கறயே, இனி உன்ற எடத்துல இன்னொருத்தி வந்து உக்காருவா. அப்பப் போய் எந்தக் கொட்டாயில அழுவே?"

அத்தை அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அங்க டாக்கீஸ் இல்லீங்ணா" என்றாள். அன்றைக்கு அதைச் சொன்னபோது அவள் குரல் மிகவும் சின்னதாக இருந்தது. அப்பாவுக்கு வந்த கோபத்தில் வெற்றிலைத் தட்டு முற்றத்தில் போய் விழுந்தது.

மாமாதான் தட்டைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்தார். வெற்றிலையைத் துடைத்து அடுக்கினார். பிறகு யாரும் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார்.

"இன்னைக்குக் கொட்டாயில என்ன படமுங்க?"

நான் முந்திக்கொண்டு சொன்னேன். காலையில்தான் நோட்டீஸ் வண்டி போயிருந்தது.

"போலாம். நானும் வர்றேன். எதுக்காக என்னை வேண்டாங்கறாள்னு நானும் பாக்கோணுமில்ல?"

பொழுது சாயும் நேரத்தில் வண்டி பூட்டினார்கள். அப்பா ஓட்டினார். கொட்டகைக்குள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, மாட்டை அவிழ்த்துக் கட்டி, சுக்குக் காப்பிக் கடையில் உட்கார்ந்துகொண்டார். மூங்கில் கட்டி ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று பிரித்திருந்தார்கள். மாமா அந்தப் பக்கம் போனார். நானும் அத்தையும் இந்தப் பக்கம் மணல் குவித்து உட்கார்ந்தோம். இன்றைக்காவது முழுப்படம் பார்த்துவிடலாம் என்று நான் நினைத்துக்கொண்டேன். மாமா கூட இருக்கும்போது அத்தை எழுந்து போகமாட்டாள் என்பது என் கணக்கு.

ஒரு வியாபாரியின் மனைவி. அவள்மேல் வீண் சந்தேகம். கைக்குழந்தையோடு அவளை வீட்டைவிட்டுத் துரத்துகிறார்கள். போகும்போது அவள் பாடினாள். துரத்திய வியாபாரியும் பாடினான். வாசற்காரன்கூட இரண்டு அடி பாடினான். அத்தை வழக்கம்போல, "மூக்குல பாடறா பாரு" என்றாள். இதோ எழுந்துவிடுவாள் என்று பயந்தேன். ஆனால் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது சுருள் முடிந்து விளக்கு வந்தது. கதை சொல்கிறவர் பிரம்போடு முன்னால் வந்தார்.

"இனி வரக்கூடியது பெரிய சோகம். காத்தும் மழையும். ஒரு பாழ்மண்டபம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்து மரிச்சுப் போகும். தாயார் மடியில போட்டுப் பாடுவாள். பாட்டு முடியும்போ ஒரு அற்புதம் நடக்கும். பெண்டுகள் அழுகலாம். சத்தம் போட்டு மாத்திரம் அழுகக் கூடாது. பாட்டுக் கேக்காது."

மறுபடி இருட்டானது. அவர் சொன்னபடியே காற்று, மழை, மண்டபம். குழந்தையின் தலை சாய்ந்தது. அவள் பாடத் தொடங்கினாள். நீளமான பாட்டு. இடி இடிக்கும்போதெல்லாம் கூடவே ஆர்மோனியம் கேட்டது. ஆர்மோனியம் எங்கிருந்து வந்தது என்று அத்தை இப்போது கேட்கப்போகிறாள், என் கையைப் பிடிக்கப்போகிறாள் என்று நான் கையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டேன். அவள் கேட்கவில்லை. அண்ணாந்து பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருக்க, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இமைகூட அசையவில்லை. அத்தைக்கு ஒரு பாட்டுப் பிடித்துப்போய்விட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

பாட்டு முடிந்தது. வானத்திலிருந்து ஒரு வெளிச்சம் வந்து குழந்தைமேல் விழுந்தது. குழந்தையின் கை அசைந்தது. பிறகு அது கண்ணைத் திறந்து சிரித்தது. கொட்டகை முழுவதும் கைதட்டல். எங்கள் பக்கத்தில் நாலைந்து பெண்கள் குலவை போட்டார்கள். நானும் மணல்மேட்டில் நின்றுகொண்டு கைதட்டினேன். நான் பார்த்த படங்களிலேயே ஒரு நல்லது நடந்தது அதுதான் முதல் தடவை.

அத்தை எழுந்து நின்றாள்.

"நிறுத்துய்யா!" என்று கத்தினாள். "மெசினை நிறுத்து. இது எந்த ஊர் நாயம்? பாடுனா எந்திரிச்சுருமா? செத்த புள்ள, பாடுனா எந்திரிச்சுருமா?"

"உக்காரு தாயி, மறைக்குது" என்று பின்னாலிருந்து குரல்கள் வந்தன. அவள் உட்காரவில்லை. பெண்களைத் தாண்டிக்கொண்டு முன்னால் போனாள். அவள் நிழல் திரையில் பெரிதாக விழுந்து, சிரிக்கிற குழந்தையை மறைத்தது. கதை சொல்கிறவர் ஓடிவந்தார். "அம்மா, ஒண்ணும் மிண்டாதீங்கோ, பேசாதீங்கோ. கதையல்லே இது? கதை."

"கதைன்னா? என்ன வேணாலும் சொல்லிப்போடுவியா? அப்பப் பாடாம விட்டவ எல்லாம் புள்ளையைக் கொன்னவளா?"

ஆண்கள் பக்கத்தில் சிரிப்பும் சீழ்க்கையும் எழுந்தன. அப்போது மாமா மூங்கிலைத் தாண்டிப் பெண்கள் பக்கம் வந்தார். ஓர் ஆண்பிள்ளை அப்படித் தாண்டி வந்தது அந்தக் கொட்டகையில் அதுவே முதல் தடவையாக இருக்கும். பெண்கள் முந்தானையை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். அவர் யாரையும் பார்க்காமல் அத்தையின் தோளைத் தொட்டார். "வா, போலாம்" என்றார். அவள் வந்துவிட்டாள்.

வண்டியடியில் அப்பா தயாராக நின்றிருந்தார். சத்தம் காப்பிக்கடைவரை கேட்டிருந்தது. "இன்னைக்கு என்ன கொறையாம் அந்தப் படத்துல?"

"தாளம் தப்பிப்போச்சுங்க மச்சான்" என்றார் மாமா.

"இவளுக்கு உலகத்துல எவனும் தாளம் போடத் தெரியாதவன்" என்று சொல்லிவிட்டு அப்பா மாட்டைப் பூட்டினார்.

எனக்கு அழுகை பொறுக்கவில்லை. குழந்தை பிழைத்த நேரத்திலா எழுந்து வருவது? இனிமேல்தானே அந்த வியாபாரி உண்மை தெரிந்து ஓடிவருவான்? வண்டியில் வழி நெடுக மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தேன். அத்தை ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம். என்னைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. இனி இவளோடு படத்துக்கே போவதில்லை என்று சபதம் செய்துகொண்டு தூங்கிப்போனேன்.

காலையில் எழுந்ததும் எனக்கு ஒரு யோசனை. மாமா ஆண்கள் பக்கம் இருந்தவர். எங்களுக்குப் பிறகு எழுந்தவர். அந்த இடைவெளியில் திரையில் இன்னும் கொஞ்சம் கதை நடந்திருக்க வேண்டும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று அவரைத் தேடிக்கொண்டு போனேன். அப்பா சந்தைக்குப் போயிருந்தார். மாமா கிணற்றடியில் இருந்தார். அத்தை கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவர் தண்ணீர் சேந்தி அவள் பக்கத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். இருவரும் பேசிக்கொண்டிருந்ததால் நான் வாழைமரத்தடியில் நின்றேன். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசினால் அடி விழும்.

"நீ படத்துக்காகத்தான் இங்க இருக்கறேன்னு உங்கண்ணன் நெனைக்கறாரு" என்றார் மாமா. "நானும் அப்படியேதான் நெனைச்சுட்டு இருந்தேன். நேத்து வரைக்கும்."

அத்தை துணியை ஓங்கி ஓங்கி அடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அடிப்பதை நிறுத்தினாள்.

"எனக்கு நெனைவே இல்லீங்க. அந்தக் காச்சல்ல நானும் எத்தன நாள் கெடந்தேன்னு தெரியலை. கண்ணு முழிச்சுப் பாத்தா தொட்டிலு வெறுசாக் கெடக்குது. பக்கத்துலயே கெடந்திருக்கறேன். பெத்தவ கொரலைக்கூடக் கேக்காமப் போயிருச்சு. அதுக்குன்னு ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு ஆரும் பாடலை."

"பாடுனாங்க."

"ஆரு?"

"நாந்தான்."

அத்தை திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு என்ன பாட்டுத் தெரியும்?"

"தாலாட்டு எனக்கென்ன தெரியும்? கோயமுத்தூர்ல பாத்தமே, அந்தப் படத்துப் பாட்டு. நீ அடுப்படியில எந்நேரமும் முனகுவியே, அதான். கேட்டுக் கேட்டு அது ஒண்ணுதான் வரும் எனக்கு. தோள்ல போட்டுட்டு வாசல்ல நடந்துட்டே பாடுனேன். விடியற மட்டும் பாடுனேன்."

"அழுதுச்சுங்களா?"

"மொதல்ல அழுதுச்சு. அப்பறம் அழுகலை. கேட்டுட்டே இருந்துச்சு."

அத்தை கையில் பிடித்திருந்த சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "இதை ஏன் எங்கிட்டச் சொல்லலீங்க?" என்றாள்.

"எப்படிச் சொல்றது? நீ அந்தப் பேச்சையே எடுக்கலை. ஆம்பளை பாடுனேன்னு சொன்னாச் சிரிப்பாங்களோன்னும் இருந்துச்சு."

"பாடுங்க."

"இப்பவா?"

"பாடுங்க, கேக்கறேன்."

மாமா சுற்றும்முற்றும் பார்த்தார். நான் வாழைமரத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினார். அதைப் பாட்டு என்று சொன்னால் பாட்டு கோபித்துக்கொள்ளும். அத்தை முனகும் பாட்டுத்தான், ஆனால் ஏற்றத்தில் மாடு பின்னால் நகர்வதுபோல் தாறுமாறாகப் போயிற்று. வார்த்தைகள் அத்தையுடையதைவிட மோசம்.

"அது அப்படி இல்லீங்க" என்றாள் அத்தை. "ரெண்டாவது அடி மேல போகோணும்."

அவர் மேலே போனார்.

"அத்தன மேல இல்லை. கொஞ்சம்."

மறுபடி பாடினார். மறுபடி திருத்தினாள். அவள் அழுதுகொண்டே திருத்தினாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே பாடினார். எனக்கு எரிச்சலாக வந்தது. எங்கோ எவனோ போட்ட ஒரு பாட்டுக்கு இரண்டு பெரியவர்கள் காலங்காலையில் கிணற்றடியில் நின்று அழுவதா? பொறுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "மாமா, அந்தப் படத்துல அப்பறம் என்ன ஆச்சுங்க?" என்று கேட்டேன். அவர்கள் காதில் விழவே இல்லை. இரண்டாவது அடியிலேயே இருந்தார்கள்.

நேராக அம்மாவிடம் போய், "அத்தையும் மாமாவும் பாட்டுக்குச் சண்டை புடிச்சுட்டு அழுவறாங்க" என்று சொன்னேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டு கிணற்றடிக்குக் கிளம்பினாள். போனவள் வேலி ஓரத்திலேயே நின்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். என்னிடம் தேங்காயைத் துருவக் கொடுத்து, மத்தியானம் வரையில் அந்தப் பக்கம் போகக் கூடாது என்றாள்.

அந்த வாரமே அத்தை மாமாவோடு மறையூருக்குக் கிளம்பிவிட்டாள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளை கிராமபோன் பெட்டி வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், அதனால்தான் போகிறாள் என்று அவராகவே ஒரு காரணம் கண்டுபிடித்துச் சந்தையில் எல்லோரிடமும் சொன்னார். கேட்டவர்களும் சிரித்தார்கள். அத்தையிடம் கேட்டபோது, "ஆமாங்க, பெட்டிதான்" என்றாள். அப்படி ஒரு பெட்டி மலையேறியதாக எனக்குத் தெரியாது. எனக்கோ அத்தைமேல் தீராத கோபம். இனி என்னைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போக யார் இருக்கிறார்கள்? பாதிப் படமும் போயிற்று.

அடுத்த வருஷம் அத்தைக்குக் கட்டுச்சோறு போட்டு, பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தார்கள். கொட்டகையும் வந்து இறங்கியிருந்தது. கொட்டுச் சத்தம் கேட்டது. அத்தை எழுந்து ஓடவில்லை, வயிறு கனத்திருந்தது. நான் நச்சரிக்கத் தொடங்கினேன். இந்த நிலையில் படமா என்று அம்மா அதட்டினாள். "அவளுக்கு ஆசையா இருந்தா வண்டி பூட்டறேன்" என்று அப்பா சொன்னதுதான் ஆச்சரியம். அத்தை என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"நாளைக்கு அப்பனோட சந்தைக்குப் போறயல்ல? அந்தக் கதை சொல்றவரு இருப்பாரு. இந்தப் படத்துல குழந்தை வருதான்னு கேட்டுட்டு வா. வந்தா அதுக்கு என்ன ஆகுதுன்னும் கேளு."

பாட்டு எத்தனை என்று கேட்டிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். இது என்ன கேள்வி? ஆனால் படம் பார்க்க வேண்டுமே. மறுநாள் போய்க் கேட்டேன். அவர் கொட்டகை வாசலில் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆருக்கு அறியணும்?" என்றார்.

"எங்கத்தைக்குங்க."

"எந்த அத்தை? மெஷினை நிறுத்தச் சொன்ன அம்மாவா?"

"ஆமாங்க."

அவர் கயிற்றை விட்டுவிட்டு என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "வருது. ரெண்டு இடத்தில வருது. ஒண்ணும் ஆகாது. நல்லா வளர்ந்து ராஜாவாகும்னு போய்ச் சொல்லு."

வந்து சொன்னேன். அத்தை இரண்டு தடவை கேட்டாள். "நெசமா வளருதாமா?"

"ராஜாவாகுதாமா அத்தை. போலாங்களா?"

போனோம். அதுதான் நான் முழுசாகப் பார்த்த முதல் இந்துஸ்தானிப் படம். சொல்லப்போனால் படு மோசமான படம். பாட்டுக்குக் குறைவே இல்லை. குதிரை ஓட்டிக்கொண்டே பாடினார்கள்; கத்திச்சண்டை நடுவில் நின்று பாடினார்கள். கதாநாயகி எல்லாவற்றையும் மூக்காலேயே பாடினாள். அத்தை இப்போது சொல்வாள், இப்போது சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். ஒரு குறையும் சொல்லவில்லை. அவள் குறை சொல்லாத படம் சப்பென்று இருந்தது.

குழந்தை வந்தது. தொட்டிலில் கிடந்தது. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள். எழுந்து போகத்தான் பிடிக்கிறாள் என்று நான் பயந்துபோனேன். அவள் எழுந்திருக்கவில்லை. பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். தொட்டிலை ஆட்டினார்கள், குழந்தை சிரித்தது, தாதி ஒரு பாட்டுப் பாடினாள். அடுத்த காட்சியில் அந்தக் குழந்தை மீசை வைத்த ஆளாகிக் குதிரையில் வந்து அவனும் ஒரு பாட்டுப் பாடினான். பிடி தளரவில்லை.

"வலிக்குது அத்தை, விடுங்க" என்றேன்.

விடவில்லை.

"அதான் வளந்துட்டானே அத்தை. மீசைகூட மொளைச்சிருச்சு."

"இரு கண்ணு" என்றாள். "முழுசும் முடியட்டும்."

படம் முடிந்து விளக்குப் போடும்வரை என் கை அவளிடம்தான் இருந்தது. மணிக்கட்டு சிவந்துவிட்டது. ராஜாவாகி, கல்யாணமும் செய்துகொண்டு, கடைசிப் பாட்டையும் பாடி முடித்துவிட்ட ஒருவனுக்கு இனி என்ன ஆகிவிடும் என்று அத்தை அப்படிப் பயந்தாள் என்பது எனக்கு விளங்கவே இல்லை.